கெட்டில் மூடிக்கும் கணப்புக்கும் ஒரே பசை போதுமா?

குன்னூரில் ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால் எங்கள் வீட்டுக் கெட்டில் அடுப்பை விட்டு இறங்குவதே இல்லை. அதன் கண்ணாடி மூடியில் இருந்த பேக்லைட் குமிழ் சென்ற ஆண்டு திருகோடு கழன்று வந்தபோது, கைவசம் இருந்த இரட்டைக் குழாய் எபாக்சியைக் கலந்து ஒட்டினேன். நான்காம் நாள் குமிழ் மீண்டும் கையோடு வந்துவிட்டது. பசை உடைந்திருக்கவில்லை, ரப்பர் போல இளகியிருந்தது.

அறை வெப்பத்தில் இறுகும் சாதாரண எபாக்சிகள் பெரும்பாலும் 50 முதல் 80 பாகை செல்சியசுக்குள் இளகத் தொடங்கிவிடும். நம் ஊர் உயரத்தில் தண்ணீர் ஏறத்தாழ 94 பாகையிலேயே கொதித்துவிடுகிறது; பருப்பு வேகவில்லை என்று நாம் குறைப்பட்டுக்கொள்ளும் அந்தச் சூடே இந்தப் பசையை இளக்கப் போதுமானது. நொடியில் ஒட்டும் சயனோஅக்ரிலேட் பசையும் இதற்கு மேலானதல்ல. அது நீராவியையும் தாங்காது.

அதன்பின் பஜாரில் உள்ள ஹார்டுவேர் கடையில் 85 கிராம் சிவப்பு சிலிகோன் குழாய் ஒன்றை வாங்கினேன். வாகன இன்ஜின்களில் கேஸ்கெட்டுக்காக, அதாவது இணைப்புகளில் கசிவைத் தடுக்கப் பூசுவார்களே, அதுதான். 250 பாகை வரை தொடர்ந்து தாங்கும் என்று உறையில் அச்சிட்டிருந்தது. அதன் சிவப்பு வெறும் அலங்காரம் அன்று; அதில் கலந்துள்ள இரும்பு ஆக்சைடு வெப்பம் தாங்கும் தன்மையைக் கூட்டுகிறது. ஒட்டும் வலிமையில் இது எபாக்சியை விடக் குறைவுதான். ஆனால் சூடேறும்போது மூடியின் கண்ணாடியை விடக் குமிழின் எஃகுத் திருகு ஏறத்தாழ இருமடங்கு விரிவதால், இரண்டுக்கும் நடுவே இருக்கும் பசை அந்த இழுவைக்கு ஈடுகொடுத்து வளைய வேண்டும். சிலிகோன் வளைகிறது, விறைப்பான பசைகள் விரிசல் விடுகின்றன. உப்புத்தாளால் தேய்த்து, எண்ணெய்ப் பிசுக்கு போகத் துடைத்து ஒட்டிய குமிழ் ஓராண்டாக அசையவில்லை.

இங்கே பொறுமை வேண்டும். காற்றின் ஈரத்தை உறிஞ்சி மேலிருந்து உள்நோக்கி இறுகும் இந்தப் பசை, ஒரு நாளில் இரண்டு மூன்று மில்லிமீட்டர் ஆழம் இறுகும் என்பது சமவெளிக் கணக்கு. மலையில் ஈரத்துக்குப் பஞ்சமில்லை என்றாலும் குளிர் அதை மந்தமாக்குவதால், நான் மூன்று நாள் தொடாமல் வைத்தேன். அதுவரை வீடெங்கும் காடி வாடை. அந்த வாடைக்குக் காரணமான அசிட்டிக் அமிலம் செம்பை அரிக்கும் என்பதால் மின்கம்பி இணைப்புகளின் அருகே இதைப் பூசக் கூடாது.

வெற்றி தந்த துணிச்சலில், கணப்பின் இரும்புப் புகைக்குழாய் இணைப்பிலும் அதையே பூசியது என் தவறு. “எல்லாச் சூட்டையும் தாங்கும் சார்” என்று கடைக்காரர் சொன்னதை நானும் நம்பிவிட்டேன். நெருப்பின் அருகே 250 பாகை எளிதில் கடந்துவிடும். இரண்டே வாரத்தில் அது வெண்பொடியாக உதிர்ந்தது. அங்கும், பெயர்ந்த செங்கற்களுக்கும் உரியது சோடியம் சிலிகேட் கலந்த தீக்களிமண் பசை. அது 1000 பாகைக்கு மேலும் தாங்கும், ஆனால் வளையாது. செங்கல்லை நனைத்துப் பூசி, நன்றாக உலர விட்டு, முதல் நாள் சிறு சுள்ளிகளை மட்டும் எரிக்க வேண்டும். அவசரப்பட்டால் உள்ளே தங்கிய ஈரம் ஆவியாகிப் பசையைப் பிளந்துவிடும்.

பிரஷர் குக்கர் கைப்பிடிக்கும் கேஸ் குழாய்க்கும் எந்தப் பசையும் வேண்டாம், உதிரிபாகத்தையே மாற்றுங்கள். உணவு படும் உட்பக்கத்திலும் சிவப்பு சிலிகோனைப் பூசாதீர்கள். திறந்த குழாய் மூடியிருந்தாலும் சில மாதங்களில் உள்ளேயே இறுகிவிடுகிறது; என்னுடையதில் பாதி அப்படித்தான் வீணானது. ஆகையால் கிடைக்கும் மிகச் சிறிய குழாயையே வாங்குங்கள்.