மலையில் இனிப்புப் பன்றிக்கறி: ஸ்லோ குக்கரா, பிரஷர் குக்கரா, விறகடுப்பா?

ஊட்டியில் தண்ணீர் 100 டிகிரியை எட்டுவதே இல்லை. ஊர் இருப்பது சுமார் 2,240 மீட்டர் உயரத்தில். 93 டிகிரியை நெருங்கும்போதே கொதித்துவிடும். குன்னூரில் 94 வரும், கூடலூருக்கு இறங்கினால் 96, 97. முந்நூறு மீட்டர் ஏறினால் ஒரு டிகிரி குறையும் என்பது தோராயக் கணக்கு. திறந்த பாத்திரத்தில் துவரம் பருப்பு வேகாமல் முறைத்துக்கொண்டு கிடப்பது இங்கே எல்லா வீட்டுக்கும் தெரிந்த சங்கதிதான். ஆனால் பன்றிக்கறி என்று வந்துவிட்டால், சமவெளியில் இருந்துகொண்டு யாரோ சொன்ன நேரத்தை அப்படியே எடுத்துக்கொள்கிறோம். ஸ்லோ குக்கருக்கு ‘லோவில் (குறைந்த சூட்டில்) எட்டு மணி நேரம்’ என்றால் எட்டு மணி நேரம்.

மலை வீடுகளில் ஸ்லோ குக்கர், அதாவது மணிக்கணக்கில் மெதுவாக வேகவைக்கும் மின்பானை, இப்போது ஒவ்வொன்றாக வந்துகொண்டிருக்கிறது. ஹோம்ஸ்டே நடத்துகிறவர்கள் வாங்குகிறார்கள், வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் லீவுக்கு வரும்போது தூக்கிக்கொண்டு வருகிறார்கள். வாங்கலாமா என்று கேட்பவர்களும் கூடிவிட்டார்கள். அதனால் ஒரே கறியை வைத்து மூன்று அடுப்பையும் அலசிவிடலாம். கறி இதுதான்: கொழுப்போடு ஒரு கிலோ தோள்கறி, சோயா சாஸ், வெல்லமோ கருப்பட்டியோ, மலைப்பூண்டு, இஞ்சி, காய்ந்த மிளகாய், கொஞ்சம் வினிகர். பிலிப்பைன்ஸ்காரர்கள் வினிகரும் சோயாவும் ஊற்றி வேகவைக்கும் அடோபோவுக்கும், சீனர்கள் சர்க்கரையும் சோயாவும் போட்டு நிதானமாக வேகவைக்கும் பன்றிக்கறிக்கும் இது ஒன்றுவிட்ட தம்பி. நாக்கில் முதலில் இனிப்பு, பின்னாலேயே உப்பு, கடைசியில் மிளகாய்.

கறி வாங்குவதில் இருந்தே ஆரம்பிக்க வேண்டும். ‘வெண்பன்றி இறைச்சி’ என்று பலகை போட்ட கடையில் ஒரு கிலோ என்று மட்டும் சொல்லிவிட்டு நின்றால், கத்தி தானாகச் சின்னச் சின்னத் துண்டாகப் போட ஆரம்பித்துவிடும். வறுவலுக்குத்தான் கேட்கிறோம் என்பது அவர் நினைப்பு. “அண்ணே, வறுவலுக்கு இல்ல, தோள்பக்கமா, தோலோட, பெருசா வெட்டுங்க” என்று முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். இரண்டு அங்குலத்துக்குக் குறைந்த துண்டு ஸ்லோ குக்கரில் நாராகப் பிரிந்துவிடும். தொடைக்கறியைத் தள்ளிவிடுங்கள். கொழுப்பு குறைவு, ஜவ்வு குறைவு, எந்த அடுப்பில் வைத்தாலும் வறண்டு போகிற பகுதி அது.

ஸ்லோ குக்கர்

இந்தச் சாமான் கறிக்காகப் பிறந்ததே இல்லை. இர்விங் நாக்ஸன் என்ற அமெரிக்கர் 1940-இல் காப்புரிமை வாங்கிய மின்பானைதான் இதன் மூலம்; பீன்ஸ் வேகவைக்கும் பானையாகத்தான் அவர் அதை விற்றார். பிறகு ரைவல் என்ற கம்பெனி அவருடைய தொழிலை வாங்கி, 1971-இல் கிராக்-பாட் என்ற பெயரில் சந்தைக்குக் கொண்டுவந்தது. வேலைக்குப் போகும் பெண்கள் காலையில் போட்டுவிட்டு மாலையில் வந்து சாப்பிடலாம் என்ற கணக்கு அமெரிக்காவில் நன்றாக எடுபட்டது.

உள்ளே பெரிய சூட்சுமம் ஒன்றும் கிடையாது. கனமான பீங்கான் பானை, அதைச் சுற்றி 200, 300 வாட் இழுக்கும் ஒரு ஹீட்டர் கம்பி, மேலே கண்ணாடி மூடி. லோவுக்கும் ஹைக்கும் கடைசிச் சூட்டில் பெரிய வித்தியாசம் இருப்பதில்லை, இரண்டுமே கொதிநிலையை ஒட்டி வந்து நின்றுவிடும். ஹை சீக்கிரம் போகும், லோ மெதுவாகப் போகும், அவ்வளவுதான். ஊட்டியில் இரண்டுமே 92-க்குப் பக்கத்தில் முட்டி நிற்கும். கறியின் ஜவ்வு 70 டிகிரிக்கு மேல் மெதுவாக இளக ஆரம்பித்து, 90-ஐ ஒட்டி நன்றாகக் கரையும். ஆகவே 92 போதும், நேரம்தான் கொஞ்சம் இழுக்கும். கீழே எட்டு மணி என்றால் இங்கே ஒன்பது, பத்து என்று வைத்துக்கொள்ளுங்கள்.

‘மெல்லிய சூட்டில் வேகும்’ என்பதுதான் ஸ்லோ குக்கருக்குச் சொல்லப்படும் முதல் பெருமை. ஊட்டியிலும் கொடைக்கானலிலும் அந்த மெல்லிய சூட்டை மலையே இலவசமாகத் தருகிறது. அடி கனமான பாத்திரத்தில் கறியைப் போட்டு கேஸை சிம்மில் வைத்தாலும் 93-க்கு மேல் போகாது. எனவே நாம் காசு கொடுத்து வாங்குவது மென்சூட்டை அல்ல, அடுப்படியில் நிற்காமல் இருப்பதை. அதுவும் லேசுப்பட்டதில்லை. தேயிலைத் தோட்டத்துக்கோ பள்ளிக்கூடத்துக்கோ கிளம்பும் வீட்டில் காலை ஏழு மணிக்குப் போட்டுவிட்டுப் போக முடிகிறது என்றால், அதற்கு ஒரு விலை உண்டு.

ஆனால் மலையில் இந்தப் பானைக்கு எதிரிகள் உண்டு. முதல் எதிரி குளிர். டிசம்பர் காலையில் சமையலறையே ஃபிரிட்ஜ் போல இருக்கும். அதில் ஃபிரிட்ஜில் இருந்து எடுத்த கறியும் பச்சைத்தண்ணீரும் போய், லோவில் வைத்தால், பானை 60 டிகிரியைத் தாண்டவே வெகு நேரம் ஆகும். நாலு டிகிரிக்கும் அறுபதுக்கும் நடுவில்தான் கிருமிகள் குஷியாகப் பெருகும். அதனால் சாறுக்கு ஊற்றும் தண்ணீரைக் கொதிக்கவைத்து ஊற்றுங்கள், முதல் ஒரு மணி நேரம் ஹையில் ஓட்டுங்கள், பிறகு லோவுக்கு மாற்றுங்கள். ஐஸ்கட்டியாக உறைந்த கறியை நேரே போடவே கூடாது. அந்த ஆரம்ப நேரத்தைத் தாண்டிவிட்டால் பயமில்லை. முழுத்துண்டுப் பன்றிக்கறிக்கு உள்ளே 63 டிகிரி வந்து, மூன்று நிமிடம் ஆறவிட்டால் போதும் என்கிறது அமெரிக்க வேளாண் துறை. இங்கே கறி மணிக்கணக்கில் 90-ஐ ஒட்டி நிற்கிறது. நாடாப்புழு பயத்தில் பன்றியை ஒதுக்குகிற மாமாக்களுக்கு இதைச் சொல்லலாம்.

இரண்டாவது எதிரி கரண்ட். மாதாந்திரப் பராமரிப்பு என்று காலை ஒன்பதுக்குப் போனால் மாலை வரை வராத நாள் ஒன்று உண்டல்லவா, அந்த அறிவிப்பைப் பார்க்காமல் பானையைப் போட்டுவிட்டுப் போனால் அவ்வளவுதான். பாதி வெந்த கறி வெதுவெதுப்பாகப் பகல் முழுக்கக் கிடக்கும். அதைக் கொட்டுவதைத் தவிர வழியில்லை. வடகிழக்குப் பருவமழையில் மரம் விழுந்து லைன் அறுவதற்கோ அறிவிப்பே கிடையாது. லோ வோல்டேஜ் இன்னும் நுட்பமான எதிரி. ஹீட்டர் கம்பியின் திறன் வோல்டேஜின் வர்க்கத்தைப் பொறுத்தது. 230 இருக்க வேண்டிய இடத்தில் 190 வந்தால், சூடு மூன்றில் ஒரு பங்கு காணாமல் போகும். ஊரே கீசரும் ரூம் ஹீட்டரும் போடுகிற குளிர்கால இரவில் ‘விடிவதற்குள் வெந்துவிடும்’ என்று நம்பிப் படுப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. ஸ்லோ குக்கர் பகல்வேலைக்குத்தான் லாயக்கு.

அப்புறம் தண்ணீர். மூடியில் ஏறும் ஆவி அப்படியே சொட்டித் திரும்புகிறது, கறியும் தன் பங்குக்கு நீர் விடுகிறது. ஒரு கிலோவுக்கு அரை டம்ளர் தண்ணீர் தாராளம். அதற்குமேல் ஊற்றினால் சாறு ரசம் மாதிரி ஓடும். எப்படியிருந்தாலும் சிறப்பாக வர இரண்டு இடத்தில் அடுப்பு தேவை: முன்னால் கறியை இரும்பு வாணலியில் நாலாபுறமும் சிவக்க வறுப்பது, பின்னால் சாற்றை அகலமான வாணலியில் சுண்டவைப்பது. ‘போட்டு மூடினால் போதும்’ என்பது விளம்பரப் பேச்சு. இந்த இரண்டையும் விட்டால் கறி வெந்திருக்கும், ஆனால் நிறமும் மணமும் இல்லாமல் வெளிறிப்போய் இருக்கும். நடுவில் மூடியைத் திறந்து பார்க்கிற ஆவலையும் அடக்கவேண்டும், ஒவ்வொரு முறை திறப்பதும் இருபது நிமிடத்தை விழுங்கும்.

இதே பானையில் ராஜ்மாவையும் போட்டுவிடலாம் என்று யாருக்காவது தோன்றினால், வேண்டாம். வேகாத ராஜ்மாவில் இருக்கும் நஞ்சு போக நன்றாகக் கொதிக்க வேண்டும். அரைகுறைச் சூடு வயிற்றைப் புரட்டிவிடும். மலையில் ராஜ்மாவுக்கு பிரஷர் குக்கர் ஒன்றுதான் கதி. பீன்ஸுக்காகப் பிறந்த பானைக்கு இப்படி ஒரு கட்டுப்பாடு.

பிரஷர் குக்கர்

மலை நம்மிடமிருந்து பிடுங்கிக்கொண்ட சூட்டைத் திருப்பித் தருவது இதுதான். வெயிட் போட்ட குக்கர் வெளிக்காற்றின் அழுத்தத்துக்கு மேல் சதுர சென்டிமீட்டருக்கு ஒரு கிலோ அழுத்தம் சேர்க்கிறது. சமவெளியில் உள்ளே சுமார் 120 டிகிரி. ஊட்டியில் வெளிக்காற்றே மெலிந்திருப்பதால் 116 போல. நாலு டிகிரி குறைந்தாலும் 92 எங்கே, 116 எங்கே! தோள்கறி முதல் விசிலுக்குப் பிறகு சிம்மில் முப்பது நிமிடத்தில் விரலால் பிய்க்கிற பதத்துக்கு வந்துவிடும். கரண்ட் போனால் கவலையில்லை.

இதன் பலவீனம் இனிப்பில் இருக்கிறது. வெல்லத்தையும் சோயாவையும் முதலிலேயே போட்டு மூடினால், கெட்டிப்பட்ட பாகு அடியில் பிடிக்கும். அடிபிடித்த வாசம் ஒருமுறை கறியில் ஏறிவிட்டால் எடுக்கமுடியாது. பூண்டு, இஞ்சி, மிளகாய், பாதி சோயா, ஒரு டம்ளர் தண்ணீர், இவ்வளவோடு வேகவைத்து, திறந்தபிறகு இனிப்பும் மீதிச் சோயாவும் சேர்த்துச் சுண்டவைப்பதே சரி. இன்னொன்று, அவசரத்துக்கு வெயிட்டைத் தூக்கி ஆவியைச் சீறவிடாதீர்கள். கறியின் உள்நீரும் சேர்ந்து கொதித்து வெளியே போய்விடும். தானாக அடங்கட்டும்.

ருசியில் வித்தியாசம் தெரிகிறதா என்றால், தெரிகிறது. பூண்டில்தான் முதலில் தெரியும். மேட்டுப்பாளையம் மண்டிக்கு இறங்குகிற நீலகிரிப் பூண்டு காரம் கூடியது. பிரஷர் குக்கரில் அது சாற்றோடு கரைந்து காணாமல் போகும். ஸ்லோ குக்கரில் பல் பல்லாக முழுசாக நிற்கும், தொட்டால் வெண்ணெய்யாக நசுங்கும், காரம் போய் இனிப்பாகவே மாறியிருக்கும். கறியைவிட அந்தப் பூண்டுக்காக ஸ்லோ குக்கருக்கு ஓட்டுப் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். நியாயம்தான். தோலும் அதில் பளபளவென்று ஒட்டும் பதத்தில் நிற்கிறது. குக்கரில் கொஞ்சம் கொழகொழத்துப் போகிறது. கறித்துண்டை மட்டும் சாப்பிடுகிறவருக்கு இரண்டும் ஒன்றுதான்.

விறகடுப்பு

சீகை (வாட்டில் மரம்) விறகோ கற்பூர மர விறகோ எரியும் அடுப்பில், கனமான இரும்புச் சட்டியில் மூன்று மூன்றரை மணி நேரம். ருசியில் மற்ற இரண்டும் இதன் பக்கத்தில் நிற்காது. வேகும்போதே சாறு சுண்டுகிறது, ஓரத்தில் லேசாகச் சிவக்கிறது, புகை வாசம் ஏறுகிறது. ஆனால் ஆள் பக்கத்திலேயே இருக்க வேண்டும். குளிருக்காகவோ வெந்நீருக்காகவோ எப்படியும் அடுப்பு எரிகிற வீடு என்றால் யோசிக்காமல் இதில் வையுங்கள். இந்த ஒரு கறிக்காக விறகு வாங்கி அடுப்பு மூட்டுவது பணக்கார விளையாட்டு.

எந்த இனிப்பு?

அடுப்பைவிட இதுதான் ருசியை அதிகம் மாற்றுகிறது. வெள்ளைச் சர்க்கரை இனிக்கும், வேறொன்றும் செய்யாது. ஸ்லோ குக்கரின் 92 டிகிரியில் அது பாகாகச் சிவக்கவும் முடியாது. முன்னாலேயே வாணலியில் கருக்கி ஊற்றினால்தான் பிரயோஜனம். உருண்டை வெல்லம் சோயாவோடு சண்டை போடாமல் கலக்கும். ஒரு கிலோவுக்கு இரண்டு மேசைக்கரண்டித் தூளில் ஆரம்பித்து, சுண்டும்போது நாக்கில் வைத்துப் பார்த்துக் கூட்டலாம்.

என் ஓட்டு கருப்பட்டிக்கு. அதன் லேசான புகைக் கசப்பு விறகடுப்பு இல்லாத குறையைப் பாதி தீர்த்துவிடுகிறது. மின்பானைக் கறிக்கு இதைவிடப் பொருத்தமான இனிப்பு கிடையாது. ஒன்றே ஒன்று, அப்படியே உடைத்துப் போடாதீர்கள். வெந்நீரில் கரைத்து, பத்து நிமிடம் அசையாமல் வைத்து, மேலாக வடிகட்டுங்கள். அடியில் தங்கும் மணலைப் பார்த்தால் காரணம் புரியும். மணிக்கணக்கில் காத்திருந்து வாயில் வைத்த கறி நறநறவென்று இருந்தால் எப்படி இருக்கும்?

மலைத்தேன் வீட்டில் இருக்கிறதே, அதைப் போட்டால் என்ன என்று கேட்பார்கள். பாறையில் கட்டும் பெருந்தேனீயின் தேன், குறும்பர்கள் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு இறங்கி எடுத்துவருவது. அதைப் பத்து மணி நேரம் வேகவைத்தால் மணம் முழுக்க ஆவியோடு போய், வெறும் இனிப்புத்தான் மிஞ்சும். போடத்தான் வேண்டும் என்றால் இறக்கியபிறகு ஒரு கரண்டி மேலாக விடலாம்.

பிளம்ஸ் வரும் மே, ஜூன் மாதங்களில் மட்டும் கதை வேறு. குன்னூர், கோத்தகிரிப் பக்கம் கிடைக்கும் புளித்த நாட்டு பிளம்ஸ் ஏழெட்டை கொட்டை நீக்கிப் போட்டால் வினிகர் வேண்டியதில்லை. தோல் கரைந்து சாறு செக்கச்செவேல் என்று ஆகிவிடும். புளிப்பு கூடுவதால் கருப்பட்டியை இன்னும் ஒரு கரண்டி கூட்ட வேண்டும். பிளம்ஸ் இல்லாத மாதங்களில் வினிகரைக் கடைசி அரைமணியில் ஊற்றுங்கள், ஆரம்பத்தில் ஊற்றினால் அதன் சுறுசுறுப்பு மழுங்கிவிடும்.

வாங்கலாமா என்ற கேள்விக்கு என் பதில்: பகலெல்லாம் வீடு பூட்டிக் கிடக்கிற, நாலைந்து பேருக்குமேல் சாப்பிடுகிற வீடு, கரண்ட் ஓரளவு ஒழுங்காக வருகிற தெரு என்றால் வாங்குங்கள். ஹோம்ஸ்டேக்காரர்களுக்குக் கட்டாயம் உதவும், சாயங்காலம் விருந்தாளி எத்தனை மணிக்கு வந்தாலும் கறி சூடாக இருக்கும். மற்றவர்கள் அலமாரியில் இருக்கும் பிரஷர் குக்கரையே நம்பலாம். மிச்சமான காசில் நல்ல இரும்பு வாணலி ஒன்று வாங்கினால் கறிக்கு அதுதான் பெரிய லாபம். ‘ஸ்லோ குக்’ பட்டன் வைத்த எலக்ட்ரிக் பிரஷர் குக்கர் ஏற்கெனவே இருந்தால் தனியாக எதுவும் தேவையில்லை.

எதில் வைத்தாலும் சாற்றில் எண்ணெய் மிதக்கும். அன்றே சாப்பிட அவசரம் இல்லையென்றால் ஆறவைத்து ஃபிரிட்ஜில் ஒரு ராத்திரி வையுங்கள். காலையில் கொழுப்பு மேலே வெள்ளைத் தட்டாக உறைந்திருக்கும், கரண்டியால் ஓரத்தை நெம்பினால் ஒரே வில்லையாக வந்துவிடும். அதைக் கொட்டிவிடாதீர்கள். ஊட்டி உருளைக்கிழங்கை வேகவைத்து, தோலோடு நசுக்கி, அந்தக் கொழுப்பில் மிளகுத்தூள் போட்டு முறுக விட்டு எடுங்கள். கறிக்குச் சோறு தேவைப்படாது.