தேடல் சர்வர் ஹோஸ்டிங்குக்கு வருடப் பணத்தை முன்கூட்டியே கட்டிவிடாதீர்கள்

2,400 டாலர் போச்சு. 'பணத்தைத் திருப்பித் தர இயலாது' என்று இன்று காலை ஒற்றை வரியில் மெயில் அனுப்பியிருக்கிறார்கள். ஆத்திரம் அடங்குவதற்குள் எழுதிவிடுகிறேன்.

எலாஸ்டிக்சர்ச் என்ற தேடல் மென்பொருளின் கிளஸ்டரை (சேர்ந்து இயங்கும் சர்வர்களின் கூட்டம்) நிறுவிப் பராமரித்துத் தரும் ஹோஸ்டிங் சேவை அது. பெயர் வேண்டாம். விற்பனைப் பிரிவுக்காரர் வீடியோ அழைப்பில் கிராஃப் காட்டினார்: சராசரி பதில் நேரம் 40 மில்லிசெகண்ட். "சிபியு முழுக்க உங்களுக்குத்தான் சார், வேறு யாருக்கும் பங்கு கிடையாது" என்றார். நான் கேட்காமலே, ஜாவா ஹீப்புக்கு (அந்த மென்பொருள் தன் வேலைக்கென ஒதுக்கும் நினைவகம்) ராமில் பாதிக்கு மேல் தரக்கூடாது, மீதி ஃபைல் கேஷுக்கு (டிஸ்க்கில் உள்ளதை வேகமாக எடுக்க ராமில் வைத்துக்கொள்ளும் நகல்) வேண்டும் என்றெல்லாம் சரியாகச் சொன்னார். விஷயம் தெரிந்த மனிதர் என்று நம்பித்தான் 2,400 டாலரையும் மொத்தமாகக் கட்டினேன்.

முதலில் நன்றாகத்தான் ஓடியது. அப்புறம் அதே தேடல் ஒரு தடவை 50 மில்லிசெகண்டில் வரும், அடுத்த தடவை நாலு செகண்ட் ஆகும். சப்போர்ட்டில் கேட்டால் "உங்கள் குவெரி சரியில்லை", அதாவது தேடல் கட்டளை சரியில்லையாம். எளிமையாக்கினோம். "ஷார்டு அதிகம்", அதாவது தரவைப் பிரித்து வைத்த துண்டுகள் அதிகமாம். குறைத்தோம். "நோடு கூட்டுங்கள்". நோடு என்பது கிளஸ்டரில் உள்ள ஒரு சர்வர். அதாவது இன்னும் பணம் கட்டு! டிக்கெட்டை 'தீர்ந்தது' என்று அவர்களே மூடிவிடுவார்கள். மறுபடி திறந்தால் புது ஆள் வருவார், அவருக்கு முதலிலிருந்து கதை சொல்ல வேண்டும்.

நாம் வைத்த வரம்பைத் தாண்டி இழுக்கும் தேடல்களைப் பதியும் ஸ்லோ லாகைப் போட்டுப் பார்த்தபோதுதான் குட்டு உடைந்தது. அது ஷார்டு வாரியாகப் பதிவாகும். தாமதமெல்லாம் இரண்டே நோடுகளில். அங்கே டாப் (top, சிபியு பயன்பாட்டைக் காட்டும் லினக்ஸ் கட்டளை) ஓடவிட்டால் ஸ்டீல் (steal) 30 சதவீதத்தைத் தாண்டுகிறது. நம் மெஷின் வேலைக்குத் தயாராக நிற்க, அடியில் இருந்து ஒரே இயந்திரத்தைப் பலருக்குப் பிரித்துத் தரும் ஹைப்பர்வைசர் என்ற மென்பொருள் சிபியுவை வேறொருவருக்குக் கொடுத்திருக்கிறது என்று அர்த்தம். முழுக்க உங்களுக்கே என்ற லட்சணம் இதுதான். தேடல் எல்லா ஷார்டின் பதிலுக்கும் காத்திருக்கும் என்பதால், ஒரு நோடு இழுத்தாலே மொத்தமும் இழுக்கும். அந்த அழகான சராசரியில் இது தெரியவே தெரியாது.

ஸ்கிரீன்ஷாட் அனுப்பினேன். "இது இயல்பானதே. வேகத்துக்கு உத்தரவாதம் தருவதாக ஒப்பந்தத்தில் இல்லை" என்றார்கள். விற்றவர் போனையே எடுப்பதில்லை.

வாங்கப் போகிறவர்கள் சராசரியை விட்டுவிட்டு 99வது பெர்சென்டைலைக் (நூற்றில் 99 தேடல்கள் எவ்வளவு நேரத்துக்குள் முடிகின்றன என்ற அளவு) கேளுங்கள். ஸ்டீல் அளவைப் பார்க்க விடாத இடம் வேண்டவே வேண்டாம். ஸ்லோ லாக் வரம்புகள் தானாக இயங்காது, முதல் நாளே போட்டுவிடுங்கள். மாதாமாதம் மட்டும் கட்டுங்கள்.

கார்டு கொடுத்த வங்கியில் புகார் போட்டிருக்கிறேன். 2,400 டாலரில் ஏதாவது திரும்பி வந்தால் இங்கேயே எழுதுகிறேன்.