30 அடி வாடகை ஆர்.வி.யில் சயான் முதல் கிராண்ட் கேன்யன் வரை: ஒரு மதிப்பீடு

லாஸ் வேகஸில் படுக்கை, சமையலறை, கழிப்பறை எல்லாம் உள்ளேயே அமைந்த பெரிய ஆர்.வி. வண்டி ஒன்றை வாடகைக்கு எடுத்து, யூட்டாவின் சயான், பிரைஸ், அரிசோனாவின் பேஜ், கிராண்ட் கேன்யன் தெற்கு விளிம்பு ஆகியவற்றைச் சுற்றிவிட்டு லாஸ் வேகஸுக்கே திரும்பும் பயணம், ஊரிலிருந்து வந்திருக்கும் பெற்றோரையும் விடுமுறையில் இருக்கும் பிள்ளைகளையும் ஒன்றாக அழைத்துச் செல்ல விரும்பும் அமெரிக்கத் தமிழ்க் குடும்பங்களுக்கு மிகவும் பிடித்தமான யோசனையாக இருக்கிறது. அந்தப் பயணத்தை முடித்தபின் எனக்கு ஏற்பட்டிருக்கும் கருத்து இதுதான்: 30 அடி வண்டி தங்குவதற்கு மிக நல்ல வீடு, ஆனால் பள்ளத்தாக்கின் காட்சிமுனைகளுக்கு ஓட்டிச் செல்வதற்கு ஏற்ற வாகனம் அன்று. ஆகவே வண்டியை முதலில் பதிவு செய்துவிட்டு இடங்களைத் தேடக் கூடாது. தேசியப் பூங்காக்களின் முகாமிடங்களை முதலில் உறுதி செய்துகொண்டு, அவை அனுமதிக்கும் நீளத்துக்குள் வண்டியைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

வண்டியிலிருந்தே தொடங்குகிறேன். வாடகைக்குக் கிடைக்கும் 30 அடி ஆர்.வி.க்களில் பெரும்பாலானவை ஃபோர்டு இ-450 போன்ற வேன் அடிச்சட்டத்தின்மேல் கட்டப்பட்ட 'கிளாஸ் சி' வகையைச் சேர்ந்தவை. கூரையில் உள்ள ஏசியையும் சேர்த்தால் உயரம் 12 அடியை ஒட்டி வரும். அகலம் 8 அடிக்கும் மேல். ஆறு, ஏழு பேர் உறங்கலாம் என்று விளம்பரத்தில் இருந்தாலும், ஓட்டுநர் இருக்கைக்கு மேலுள்ள படுக்கைக்கு ஏணியில் ஏற வேண்டியிருப்பதால் அது பிள்ளைகளுக்கு மட்டுமே சரிப்படும். சாப்பாட்டு மேசையை மடக்கி உருவாக்கும் படுக்கை பெரியவர் ஒருவருக்கே போதுமானது. பின்புற அறையின் நிலையான கட்டிலைத் தாத்தா பாட்டிக்கு ஒதுக்கிவிட்டால், கழிப்பறை இரண்டு எட்டில் இருப்பதால், இரவில் அவர்களுக்கு எந்தச் சிரமமும் இல்லை. மூட்டுவலி உள்ளவர்களை விடுதி மாற்றி விடுதி அழைத்துச் சென்று, தினமும் பெட்டிகளை ஏற்றி இறக்குவதோடு ஒப்பிட்டால், இந்த ஒரு வசதிக்காகவே ஆர்.வி.யைப் பரிந்துரைப்பேன்.

ஓட்டுவது பழகிக்கொள்ளக் கூடியதுதான். பின்சக்கரங்களுக்குப் பின்னால் வண்டியின் உடல் நீண்டு கிடப்பதால், வலப்பக்கம் திரும்பும்போது வால்பகுதி இடப்பக்கம் வீசும் என்பதைப் பெட்ரோல் நிலையங்களில் நினைவில் வைத்திருக்க வேண்டும். நீண்ட இறக்கங்களில் பிரேக்கை மிதித்துக்கொண்டே வராமல், 'டோ ஹால்' பொத்தானை அழுத்தி எஞ்சினின் இழுவையிலேயே வேகத்தைக் கட்டுப்படுத்த வேண்டும். இல்லையென்றால் பிரேக் சூடேறிப் பிடிப்பு குறையும். ஒரு காலன் பெட்ரோலுக்கு 8 முதல் 10 மைல், அதாவது லிட்டருக்கு ஏறத்தாழ 4 கி.மீ. மட்டுமே கிடைக்கும். ஜெனரேட்டரும் அதே டாங்கிலிருந்தே பெட்ரோலை எடுக்கிறது. டாங்க் கால்பங்கை நெருங்கியதும், வண்டி நகர முடியாமல் போய்விடக் கூடாது என்பதற்காக, ஜெனரேட்டர் தானே நின்றுவிடும்படி அமைத்திருக்கிறார்கள். பாலைவனத்தில் ஏசியை நம்பியிருக்கும்போது இது முக்கியமான செய்தி. கனாப், பேஜ், கேமரன் ஆகிய ஊர்களைக் கடக்கும்போதெல்லாம் நிரப்பிக்கொள்வது நல்லது.

திட்டமிடலில் மிகப் பெரிய மாற்றத்தைச் சயான் கொண்டுவந்திருக்கிறது. பூங்காவின் கிழக்கையும் மேற்கையும் இணைக்கும் சயான் - மவுண்ட் கார்மல் சுரங்கப்பாதை 1930-இல் திறக்கப்பட்டது, 1.1 மைல் நீளமுள்ள அது, அந்தக் காலத்துக் கார்களை மனத்தில் கொண்டு மணற்பாறையைக் குடைந்து அமைக்கப்பட்டது. வளைவான மேற்கூரையின் காரணமாக உயரமான வண்டிகள் சாலையின் நடுவில்தான் செல்ல முடியும். அதனால் பல ஆண்டுகளாக 15 டாலர் கட்டணம் வாங்கிக்கொண்டு, எதிர்த்திசைப் போக்குவரத்தை நிறுத்தி, பெரிய வண்டிகளை அனுப்பிவந்தார்கள். 2026 ஜூன் 7 முதல் அந்த ஏற்பாடு இல்லை. 11 அடி 4 அங்குல உயரம், 7 அடி 10 அங்குல அகலம், 35 அடி 9 அங்குல நீளம் ஆகியவற்றுள் ஏதேனும் ஒன்றைத் தாண்டினாலும் அந்த மலைச்சாலையில் செல்ல முடியாது. வாடகை ஆர்.வி.க்கள் பெரும்பாலும் அகலத்திலேயே தகுதி இழந்துவிடும். பழைய பயணக் குறிப்புகளை நம்பி, சயானிலிருந்து சுரங்கம் வழியாக பிரைஸுக்குப் போகலாம் என்று எண்ணியிருப்பவர்கள் தங்கள் திட்டத்தை மாற்றியே ஆக வேண்டும். ஹரிக்கேன் ஊரிலிருந்து யூட்டா 59, அரிசோனா 389 ஆகிய சாலைகளில் ஃபிரடோனியாவுக்கு வந்து, கனாப் வழியாக யு.எஸ். 89-இல் வடக்கே ஏறுவது சுற்றுவழிதான். ஆனால் பெரிய வண்டிக்கு மன அமைதியான வழி.

சயானில் வாட்ச்மேன் முகாமிடத்தை மனமாரப் பாராட்டுகிறேன். விர்ஜின் ஆற்றங்கரையில், பார்வையாளர் மையத்திலிருந்து நடந்தே போகும் தொலைவில் இருக்கிறது. மின் இணைப்பு உள்ள இடங்கள் இருப்பதால் ஜெனரேட்டரை அங்கே அறவே அனுமதிப்பதில்லை. பாறைச் சுவர்களுக்கு நடுவில் ஆற்றின் ஓசையைக் கேட்டபடி உறங்க முடிகிறது. ஆண்டின் பெரும்பகுதியில் பள்ளத்தாக்குச் சாலைக்குள் தனியார் வண்டிகளுக்கு அனுமதி இல்லாமல், இலவச ஷட்டில் பேருந்துகள் மட்டுமே ஓடுவதால், நம் வண்டி பெரிதா சிறிதா என்ற கேள்வியே எழுவதில்லை. ஷட்டிலின் கடைசி நிறுத்தத்திலிருந்து ஆற்றோரமாகச் செல்லும் ரிவர்சைடு நடைபாதை பெரும்பாலும் சமமாக இருப்பதால், முதியவர்களும் வேண்டிய தூரம் நடந்துவிட்டுத் திரும்பலாம்.

பிரைஸைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். 23 அடிக்கு மேற்பட்ட வண்டிகள் பிரைஸ் பாயிண்டுக்கும் பரியா வியூவுக்கும் செல்ல முடியாது. பூங்காவுக்குள் உள்ள முகாமிடங்களில் மின் இணைப்பும் தண்ணீர் இணைப்பும் கிடையா. வாயிலுக்கு வெளியே ரூபிஸ் இன் முகாமில் எல்லா இணைப்புகளோடும் நிறுத்திக்கொண்டு, ஷட்டில் ஓடும் மாதங்களில் அங்கிருந்தே பேருந்தில் ஏறிவிடலாம். ஏறத்தாழ 8,000 அடி உயரம் என்பதால் கோடையிலும் இரவில் கம்பளி வேண்டும்.

பேஜ் ஊரில் வெயிலும் கடிகாரமும் கவனத்தைக் கேட்கின்றன. கோடையில் யூட்டா ஒரு மணி நேரம் முன்னால் ஓடும். அரிசோனா கடிகாரத்தை மாற்றுவதே இல்லை. நவஹோ பழங்குடியினரின் தன்னாட்சிப் பகுதியான நவஹோ தேசமோ அரிசோனாவுக்குள் இருந்தும் மாற்றிக்கொள்கிறது. ஆண்டலோப் பள்ளத்தாக்கு நவஹோ நிலத்தில் இருப்பதால் வழிகாட்டி இல்லாமல் உள்ளே செல்ல முடியாது. நேரம் குறித்த சீட்டுத்தான் கொடுக்கிறார்கள். சீட்டில் உள்ள நேரம் எந்தக் கடிகாரத்தின்படி என்பதையும், நம் நீளத்துக்கு வண்டி நிறுத்த இடம் உண்டா என்பதையும் பதிவு செய்யும்போதே கேட்டுவிட வேண்டும். ஜூலை முதல் செப்டம்பர் வரையிலான மழைக்காலத்தில் திடீர் வெள்ளம் பற்றிய எச்சரிக்கை வந்து பயணத்தை ரத்து செய்தால், அதைக் குறையாகக் கருதாதீர்கள். 1997 ஆகஸ்டில், தொலைவில் பெய்த மழையால் திரண்டு வந்த வெள்ளத்தில் கீழ் ஆண்டலோப்பில் 11 பேர் உயிரிழந்தார்கள். அந்த வழிகாட்டிகளின் கண்டிப்புக்கு நாம் நன்றி சொல்ல வேண்டும்.

பேஜிலிருந்து கேமரன் வந்து, அங்கிருந்து அரிசோனா 64-இல் மேற்கே திரும்பினால், ஏறத்தாழ 4,200 அடியிலிருந்து 7,400 அடிக்கு மேல் உயர்ந்து டெசர்ட் வியூ வாயிலை அடைகிறோம். பாலைவனப் புதர்கள் மறைந்து ஜூனிப்பரும் பைனும் தொடங்குவதை ஒரே ஏற்றத்தில் பார்க்கலாம். மேரி கோல்ட்டர் வடிவமைத்து 1932-இல் எழுந்த காவற்கோபுரம் அங்கேதான் இருக்கிறது. கொலராடோ ஆறு தெளிவாகத் தெரியும் இடங்களில் அதுவும் ஒன்று. முகாமிடத்துக்குப் போகும் வழியிலேயே இருப்பதால், பெரிய வண்டியோடு நின்று பார்த்துவிட்டுச் செல்வதே நல்லது.

தெற்கு விளிம்பில் நான் முழு மனத்தோடு பரிந்துரைப்பது டிரெய்லர் வில்லேஜ் முகாமைத்தான். அருகிலுள்ள மேதர் முகாமிடம் மரங்கள் அடர்ந்து அழகாக இருந்தாலும், 30 அடிக்கு மேல் அனுமதி இல்லை. மின் இணைப்பும் இல்லை. டிரெய்லர் வில்லேஜில் 50 அடி வண்டி வரை, பின்னோக்கி ஓட்டத் தேவையில்லாமல் நேரே நுழைந்து நேரே வெளியேறும் இடங்கள் உள்ளன; மின்சாரம், தண்ணீர், கழிவுநீர் மூன்றும் இடத்திலேயே கிடைக்கின்றன. வண்டிகள் நெருக்கமாக நிற்பதால் தனிமை குறைவு. குளியலறை வேண்டுமென்றால் மேதர் அருகிலுள்ள கேம்ப்பர் சர்வீசஸ் கட்டடத்துக்குத்தான் போக வேண்டும். இந்த இரண்டு குறைகளையும் நான் பெரிதாக எண்ணவில்லை. காலையில் எல்க் மான்கள் வண்டிகளுக்கு நடுவே மேய்கின்றன. அவற்றிடமிருந்து பிள்ளைகளை நன்றாகத் தள்ளியே நிறுத்த வேண்டும்.

இங்கே வண்டியை நிறுத்தியபின் திரும்பிச் செல்லும்வரை அதைத் தொடவே தேவையில்லை என்பதுதான் இதன் பெருமை. நீலத் தடப் பேருந்து பக்கத்திலேயே வருகிறது. தனியார் வண்டிகள் செல்ல முடியாத யாக்கி பாயிண்டுக்கு ஆரஞ்சுத் தடத்திலும், மார்ச் முதல் நவம்பர் வரை பேருந்துக்கு மட்டுமே திறந்திருக்கும் ஹெர்மிட் சாலைக்குச் சிவப்புத் தடத்திலும் மாறிச் செல்லலாம். கார் வைத்திருப்பவரும் இங்கே பேருந்தைத்தான் நாட வேண்டும். ஆர்.வி.யின் பெருங்குறை இந்த ஓர் இடத்தில் அடியோடு மறைந்துவிடுகிறது. பதின்மூன்று மாதங்களுக்கு முன்பே பதிவு தொடங்கிவிடுவதால், பயணத் திட்டத்தில் முதலில் பதிவு செய்ய வேண்டியது இதுவே. வாட்ச்மேனுக்குப் பதிவு ஆறு மாதங்களுக்கு முன்புதான் திறக்கிறது.

தண்ணீரைப் பற்றி ஓர் எச்சரிக்கை. தெற்கு விளிம்புக்குத் தண்ணீர் கொண்டுவரும் குழாய் பள்ளத்தாக்கைக் குறுக்கே கடந்து வருகிறது. பழமையான அந்தக் குழாயில் அடிக்கடி உடைப்பு ஏற்படுகிறது. 2024 ஆகஸ்ட் இறுதியில் விடுதிகளில் இரவுத் தங்கலையே நிறுத்தும் அளவுக்கு நிலைமை முற்றியது. எனவே பேஜிலிருந்து கிளம்பும்போது நன்னீர்த் தொட்டியை நிரப்பி, கழிவுத் தொட்டிகளைக் காலி செய்துவிட்டு வருவது அறிவுடைமை. வசந்த காலத்திலும் இலையுதிர் காலத்திலும் இரவில் உறைநிலைக்குக் கீழே போகக்கூடும் என்பதால், படுக்கும் முன் தண்ணீர்க் குழாயைக் கழற்றி வைத்துவிட வேண்டும்.

சமையல் இந்தப் பயணத்தின் பெரிய வரம். 7,000 அடி உயரத்தில் தண்ணீர் 93 டிகிரி செல்சியஸிலேயே கொதித்துவிடுவதால், திறந்த பாத்திரத்தில் அரிசியும் பருப்பும் எளிதில் வேகா. பிரஷர் குக்கரைக் கட்டாயம் எடுத்துச் செல்லுங்கள். கேஸ் அடுப்பில் தாளிக்கும்போது கூரைச் சன்னலைத் திறந்து காற்றாடியைப் போடாவிட்டால் புகை எச்சரிக்கை மணி அலறும். 30 ஆம்பியர் இணைப்பு 3,600 வாட் வரைதான் தாங்கும் என்பதால், ஏசி ஓடும்போது மைக்ரோவேவையும் இண்டக்‌ஷன் அடுப்பையும் ஒன்றாகப் போட்டால் பிரேக்கர் விழுந்துவிடும். சூடான சாதமும் ரசமும் கிடைத்ததில் பெரியவர்கள் அடைந்த நிம்மதியை எந்த உணவகமும் தந்திருக்க முடியாது.

வாடகை நிறுவனத்தின் சேவை மட்டும் எனக்கு நிறைவளிக்கவில்லை. வண்டியை ஒப்படைத்தவர் கழிவுநீரை வெளியேற்றும் முறையைச் செய்து காட்டாமல், காணொளியைப் பார்க்கச் சொல்லிவிட்டு நகர்ந்தார். கழிவுக் குழாயில் கசிவு இருந்தது. உதவி எண்ணில் வெகுநேரம் காத்திருக்க வைத்தார்கள். கிளம்பும் முன் குழாயை நீட்டிப் பார்ப்பது, டயர்களின் காற்றழுத்தத்தையும் வயதையும் சோதிப்பது, ஏசியையும் ஜெனரேட்டரையும் அரை மணி நேரமாவது ஓட்டிப் பார்ப்பது ஆகியவற்றை அவர்கள் வளாகத்திலேயே செய்துவிடுங்கள். நாள் வாடகையை மட்டும் பார்த்து முடிவெடுக்காதீர்கள். மைலுக்கு இவ்வளவு, ஜெனரேட்டர் மணிக்கு இவ்வளவு, படுக்கை விரிப்பு, பாத்திரம், சுத்தம் செய்யும் கட்டணம் என்று பின்னால் சேர்பவை அதிகம். மண்சாலைகளை ஒப்பந்தங்கள் பொதுவாகத் தடை செய்கின்றன. மானுமெண்ட் வேலியின் 17 மைல் மண்பாதையிலும் ஆர்.வி.க்களுக்கு அனுமதி இல்லை.

ஊரிலிருந்து வரும் பெற்றோருக்காக இன்னொரு செலவையும் கணக்கில் சேர்க்க வேண்டும். 2026 ஜனவரி முதல், அமெரிக்காவில் வசிக்காத 16 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கு, சயான், பிரைஸ், கிராண்ட் கேன்யன் உள்ளிட்ட 11 பூங்காக்களில் தலைக்கு 100 டாலர் கூடுதல் கட்டணம் உண்டு. அவர்களுக்கான ஆண்டு அட்டை 250 டாலர். இந்தச் சுற்றில் மூன்று பூங்காக்கள் வருவதால் ஆண்டு அட்டையே பெரும்பாலும் ஆதாயமாக இருக்கும்.

பெரியவர்கள் நால்வரும் பிள்ளைகள் இருவரும் செல்லும் குடும்பத்துக்கு, டிரெய்லர் வில்லேஜும் வாட்ச்மேனும் கிடைத்திருந்தால், 30 அடி வண்டியைத் தயக்கமின்றிப் பரிந்துரைக்கிறேன். நான்கு பேருக்குக் குறைவாகச் செல்பவர்கள் 25 அடி வண்டியை எடுப்பதே நலம். மேதரிலும் டெசர்ட் வியூவிலும் அவர்களுக்கு மரநிழலில் இடம் கிடைக்கும். சயான் சுரங்கம் மட்டும் அவர்களுக்கும் மூடியதுதான், அகலம் குறைவதில்லை.