'இன்டர்நேஷனல் பொய்லர் லைசென்ஸ்': காசு கட்டமுன் வாசியுங்கள்

"பத்து நாளில் பொய்லர் ஒப்பரேட்டர் லைசென்ஸ், கட்டார், துபாய் எங்கும் செல்லும்" என்று கொட்டாஞ்சேனை, வத்தளைப் பக்கம் வட்ஸ்அப்பில் ஒரு விளம்பரம் சுற்றுகிறது. காசு கட்டிய பிள்ளைகளுக்குக் கிடைத்தது ஒரு பிளாஸ்டிக் அட்டையும் சீல் குத்திய கடதாசியும்தான். பொய்லர் (நீராவி உண்டாக்கும் கொதிகலன்) இருக்கும் அறைப் பக்கம் ஒருநாளும் கூட்டிப்போகவில்லை. காசைத் திருப்பிக் கேட்டால் "விசா வரட்டும், பார்ப்போம்" என்ற பதில்.

எல்லா நாட்டிலும் செல்லும் பொய்லர் லைசென்ஸ் என்று ஒன்று கிடையாது. அது அந்தந்த நாட்டுச் சட்டத்தோடு, சில இடங்களில் நகரத்தோடு நின்றுவிடும். நியூயோர்க் நகரில் உயர் அழுத்தப் பொய்லரை ஓட்ட நகரக் கட்டடத் திணைக்களத்தின் லைசென்ஸ் வேண்டும். அமெரிக்காவிலேயே வேறு பல மாநிலங்களில் அப்படியொன்றைக் கேட்பதில்லை. நீராவியின் அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 15 இறாத்தலைத் தாண்டினால் அங்கே உயர் அழுத்தம்.

"அட்டை இருந்தால் ரிப்பெயரும் செய்யலாம்" என்று வகுப்பில் சொல்வதுதான் உயிருக்கே உலை. ஒப்பரேட்டரின் வேலை பொய்லரைப் பற்றவைப்பது, நீர்மட்டத்தைக் காப்பது, புளோடவுன் கொடுப்பது (அடியில் சேரும் அழுக்கோடு கொஞ்சம் தண்ணீரை வெளியேற்றுவது), லோ வோட்டர் கட்ஓஃப் (தண்ணீர் குறைந்தால் பர்னரைத் தானே நிறுத்தும் கருவி) வேலை செய்கிறதா என்று சோதிப்பது, லொக் புத்தகம் (அன்றாடப் பதிவேடு) எழுதுவது. டியூப் வெல்டிங் அவர் வேலையல்ல. அழுத்தம் மிஞ்சினால் தானே திறக்கும் சேஃப்டி வால்வ் ஒழுகினால் ஸ்பிரிங்கை இறுக்கவும் கூடாது: 7 பார் அழுத்தத்தில் திறக்கவேண்டியது 9 பாரிலும் திறக்காமல் நிற்கும், தட்டு தாங்காது. அடிக்கடி நிற்கிறதென்று கட்ஓஃபை வயர் போட்டு 'நேராக்கி', அது வேலை செய்யாதபடி ஓட்டச் சொல்லும் முதலாளிமாரும் உண்டு. மறுத்துவிடுங்கள். இலங்கையில் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டப்படி நீராவிப் பொய்லரைப் பரிசோதிப்பது அதிகாரம்பெற்ற அலுவலர். ஒப்பரேட்டர் அட்டையை வைத்துக்கொண்டு யாரும் 'பாஸ்' போட முடியாது.

வகுப்பில் சேரமுன் அதை நடத்தும் இடத்தின் பதிவு இலக்கத்தை வாங்கி, நாரஹேன்பிட்டியில் உள்ள மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் கேளுங்கள். என்.வி.கியூ (தேசிய தொழிற்றகைமை) சான்றிதழ் என்றால் அதையும் அங்கேயே சரிபார்க்கலாம். வெளிநாட்டு வேலை என்று சொன்னால் ஏஜென்சியின் லைசென்ஸ் இலக்கத்தை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் பாருங்கள். ரசீது இல்லாமல் ஒரு ரூபாவும் கொடுக்கவேண்டாம். ஏமாந்தவர்கள் நுகர்வோர் அதிகார சபைக்கு 1977 என்ற தொலைபேசி இலக்கத்தில் முறையிடலாம்.

படிப்பிப்பவரிடம் இரண்டு கேள்வி கேட்டுப் பாருங்கள். நீர்மட்டம் காட்டும் கேஜ் கண்ணாடியை எப்படி ஊதிச் சுத்தம் செய்வது? தண்ணீர் கொக்கை (தண்ணீர் வரும் வழியின் அடைப்பானை) மூடி டிரெயினை (வடிகால் வழியை)த் திறந்து ஐந்து செக்கன் ஊதவேண்டும். டிரெயினை மூடித் தண்ணீர் கொக்கைத் திறந்ததும் மட்டம் சட்டென ஏறவேண்டும், மெதுவாக ஏறினால் வழியில் அடைப்பு. பிறகு ஸ்டீம் கொக்கை மூடி அதேபோல. அடுத்த கேள்வி: கண்ணாடியில் தண்ணீரே தெரியவில்லை, என்ன செய்வது? சரியான பதில், உடனே பர்னரை நிறுத்தி, தண்ணீர் ஏற்றாமல் ஆறவிடுவது. சிவக்கக் காய்ந்த இரும்பில் குளிர்தண்ணீர் பட்டால் நொடியில் நீராவியாகி பொய்லரே வெடிக்கலாம். "பம்பைப் போடு" என்று அவர் சொன்னால் எழும்பி வந்துவிடுங்கள்.