அவுட்ரிகர்: நாலு வருடத்தில் உடைந்தது கழி இல்லை

என்னுடையது 23 அடி ஃபைபர் படகு, ஒற்றை அவுட்போர்டு எஞ்சின். நாகப்பட்டினம் அக்கரைப்பேட்டையில் கட்டியிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை ஆனால் தூண்டில் ராடும் லூரும் (மீன் மாதிரி செய்த போலி இரை) எடுத்துக்கொண்டு வஞ்சிரம், சூரை தேடிக் கிளம்பிவிடுவேன். பிழைப்புக்குப் பிடிக்கிறவன் இல்லை, ஆசைக்குப் பிடிக்கிறவன். அவுட்ரிகர் மாட்டி நாலு வருடம் ஆகிறது. எது வாங்கலாம் என்று கேட்கிறவர்களுக்குப் போனில் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது, அதனால் எழுதியே வைத்துவிடுகிறேன்.

படகின் இரண்டு பக்கமும் இறக்கை மாதிரி விரியும் நீளக் கழிதான் அவுட்ரிகர். என் படகின் அகலம் 7 அடி. ஓடும் படகுக்குப் பின்னால் இழுத்துப் போகும் நாலு தூண்டில் லைனையும் அமரத்திலிருந்தே (படகின் பின்முனை) விட்டால் திரும்பும்போது ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும், லூரும் எஞ்சின் கிளப்பும் நுரைக்குள்ளேயே ஓடும். 15 அடிக் கழி இரண்டை விரித்தால் லைன்கள் ஏறக்குறைய 30 அடிக்குப் பரவி, ஓரத்து லூர்கள் தெளிந்த தண்ணீரில் ஓடும். எனக்கு வஞ்சிரம் அடிப்பது பெரும்பாலும் இந்த ஓர லைனில்தான்.

இந்த நாலு வருடத்துக்கு முந்தைய வருடம் வெறும் மூங்கில் கழிதான். கூட வரும் பெரியவர், “இதுக்குப் போய் காசைக் கொட்டணுமா தம்பி? கல்மூங்கில் ரெண்டு போதும்” என்றார். உண்மையைச் சொன்னால் மீனுக்கு அது போதும்தான். மடக்க முடியாது என்பதுதான் தொல்லை. கரைக்குத் திரும்பும்போதெல்லாம் பக்கத்து விசைப்படகின் கயிற்றில் மாட்டி, திட்டு வாங்காமல் இறங்கிய நாள் குறைவு.

அப்புறம் ஒன்றுக்குள் ஒன்று நுழையும் அலுமினியக் கழி வாங்கினேன். ஃபைபர் கழி நன்றாக வளைந்து கொடுக்கும், ஆனால் கனம் அதிகம். வெயிலில் மேல்பூச்சு போய்விட்டால் இழை கையில் குத்தும். கார்பன் கழி எடையே தெரியாது, விலை என் ஆசைக்கு மேலே. அலுமினியத்தில் ஒரே வேலை, மூட்டுகளில் உப்பு சேரவிடக் கூடாது. ஒரு தடவை மழைக்காலம் முழுக்கக் கவனிக்காமல் விட்டேன். மூட்டைச் சுற்றி வெள்ளை மாவு மாதிரி பூத்து, கழி இறுகிப்போனது. வெந்நீர் ஊற்றி, எண்ணெய் விட்டு, இரண்டு பேர் ஆளுக்கொரு முனையைப் பிடித்துத் திருகி ஒரு மணி நேரம் போராடினோம். இப்போது கரை ஏறியதும் நல்ல தண்ணீரில் கழுவாமல் வீட்டுக்குப் போவதில்லை.

ஆனால் நான் சொல்ல வந்தது கழியைப் பற்றி இல்லை, அது உட்காரும் இடத்தைப் பற்றி. கடுவையாற்று முகத்துவாரத்தில் மணல் திட்டு ஏறிக் கிடக்கும் நாளில் அலை உடைந்து படகைத் தூக்கிப் போடும். அந்த நேரம் நிமிர்த்தி வைத்த 15 அடிக் கழியின் ஆட்டம் அத்தனையும் அடியிலிருக்கும் நாலு போல்ட்டில்தான் இறங்குகிறது. கழி மாட்டிய எட்டாவது மாதம் பார்த்தால், இடதுபக்க போல்ட்டைச் சுற்றி நட்சத்திரம் மாதிரி மெல்லிய விரிசல். விளிம்பு ஃபைபருக்கு அடியில் வெறும் வாஷர் மட்டும் வைத்து முறுக்கியிருந்தார்கள். இரண்டு பக்கமும் கழற்றி, உள்ளே மரைன் பிளைவுட் வைத்து ரெசின் போட்டு, அதன்மேல் உலோகத் தகடு கொடுத்த பிறகு இன்றுவரை அசைவில்லை.

போல்ட்டிலும் ஏமாந்தேன். கடைக்காரர் காந்தத்தை வைத்துக் காட்டி, “ஒட்டல பாருங்க, கடல் எஸ்.எஸ்.” என்றார். எஸ்.எஸ். என்றால் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், 304, 316 என்பவை அதன் ரகங்கள். 304-உம் பொதுவாகக் காந்தத்தில் ஒட்டாது, 316-உம் ஒட்டாது. உப்பைத் தாங்குவது மாலிப்டினம் கலந்த 316. எனக்குக் கிடைத்தது எது என்று மூன்றே மாதத்தில் வழிந்த துருக்கறை சொல்லிவிட்டது. பில்லில் 316 என்று எழுதி வாங்குங்கள். எஸ்.எஸ். போல்ட் அலுமினியத்தைத் தொடும் இடத்தில் நைலான் வாஷர் போடுங்கள், இல்லாவிட்டால் உப்புத்தண்ணீரில் அலுமினியம் அரித்துப்போகும்.

கழியில் லைனைப் பிடித்து வைக்கும் கிளிப்பை அதிகம் முறுக்காதீர்கள். மீன் அடித்ததும் லைன் விடுபட வேண்டும், அந்தத் தொய்வில்தான் மீன் இரையை வாங்கும். தளர்வாக வைத்தால் பாசி மாட்டினாலே அவிழ்ந்துவிடும். என் வலது கிளிப்பின் ஸ்பிரிங் இரண்டாவது வருடமே போய்விட்டது. பெரியவர் மளிகைக்கடை ரப்பர் பேண்டில் லைனைச் சுற்றி வளையத்தில் மாட்டினார். வஞ்சிரம் அடித்தால் ‘டப்’ என்று அறுகிறது. புது கிளிப் வாங்கி வைத்திருக்கிறேன், இன்னும் பெட்டியில்தான் கிடக்கிறது.