சின்னப் பாய்மரப் படகில் கருவித் திரையை எங்கே பொருத்துவது? கேபின் சுவர், வாசல் மேடு, மடக்குக் கை, டேப்லெட்

சுக்கானைத் திருப்பச் சக்கரம் வைத்த பெரிய படகுக்காரர்களுக்கு இந்தத் தலைவலி கிடையாது. சக்கரத் தூணிலேயே ஒரு பெட்டியை மாட்டி, எல்லாத் திரைகளையும் அதில் அடைத்துவிடலாம். சுக்கான் தடியைக் கையில் பிடித்து ஓட்டுகிற ஆறேழு மீட்டர் படகில் தூணும் இல்லை, இடமும் இல்லை. ஆழமானி, காற்றுமானி, ஜிபிஎஸ் வரைபடத் திரை மூன்றுக்கும் காக்பிட்டில், அதாவது ஆட்கள் உட்கார்ந்து ஓட்டுகிற பின்பள்ளத்தில், இடம் தேடியாக வேண்டும்.

மொரீஷியஸில் பலரும் போகிற ஒரு வழியை வைத்தே பார்ப்போம். கிராண்ட் பேயிலிருந்து ஈல் ப்ளாட் தீவுக்குப் போய்த் திரும்புவது. போகும்போது வடக்கு வடகிழக்காக ஓடுவோம். தென்கிழக்குக் காற்று வலப்பக்கம் அடிக்கும், எல்லோரும் வலப்பக்கம் உட்காருவார்கள். திரும்பும்போது அதே காற்று இடப்பக்கம், ஆட்களும் இடப்பக்கம்.

கேபினின் பின்சுவரில், வாசலுக்கு ஒரு பக்கமாகக் கருவியைப் பதித்தால் என்ன ஆகும் என்று இதிலேயே தெரிந்துவிடும். பாதி வழி நன்றாகத் தெரியும். மீதி வழி மச்சானின் முதுகுதான் தெரியும். "கொஞ்சம் நகருங்க, ஆழம் பாக்கணும்" என்று பவளப்பாறைகளுக்கு நடுவே உள்ள பாறை வாய்க்குள் நுழையும் நேரத்தில் சொல்லிக்கொண்டிருக்க முடியாது. இருந்தும் பழைய படகுகள் பலவற்றில் கருவிகள் அங்கேதான் இருக்கின்றன, ஏனென்றால் வேலை சுலபம். எலெக்ட்ரீஷியன் தம்பியைக் கேட்டால், "அண்ணே, சுவத்துல ஓட்டை போட்டா ஒரே காலையில முடிஞ்சிடும்" என்பார். உண்மைதான். ஆனால் அந்த ஓட்டையை மட்டும் அவசரப்படாமல் போடச் சொல்லுங்கள். சில படகுகளில் கேபின் சுவர் இரண்டு ஃபைபர் தகடுகளுக்கு நடுவே பால்சா மரம் வைத்துச் செய்ததாக இருக்கும். வெட்டிய விளிம்பில் மரத்தைச் சற்று உள்ளே சுரண்டி எடுத்து, எபாக்சிப் பிசின் நிரப்பி, காய்ந்தபிறகு மறுபடி வெட்ட வேண்டும். இல்லாவிட்டால் நீர் உள்ளே இறங்கி மரம் மெல்ல உளுத்துப்போகும். மேலே தட்டிப் பார்த்தால் பொத்தென்று சத்தம் வரும்போது காலம் கடந்திருக்கும். இன்னொன்று, கருவியை எந்நாளும் கழற்ற முடியாதபடி ஒட்டுகிற பசையைத் தொடவே வேண்டாம். கூடவே வரும் ரப்பர் கேஸ்கெட் போதும்.

வாசல் மேடு என்று நான் சொல்வது, கேபின் கூரையில் வழுக்குக் கதவு உள்ளே நுழைகிற மூடிப்பெட்டியின் மேற்பகுதி. அங்கே ஒரு சின்னப் பெட்டியில் கருவியை வைத்தால் இரு பக்கமிருந்தும் தெரியும். அதைவிட முக்கியம், அணியத்தை, அதாவது படகின் முன்முனையை, பார்க்கிற கண் கீழே இறங்க வேண்டியதே இல்லை. பாறையையும் எண்ணையும் ஒரே பார்வையில் பிடிக்கலாம். மழைத்துணிக் கூண்டு இருந்தால் கருவி அதன் நிழலிலேயே இருக்கும். குறையும் உண்டு. பாய் ஏற்றுகிற கயிறுகள் அந்த வழியாகத்தான் வரும், ஆட்கள் அதில்தான் கால் வைப்பார்கள், கேபிளைக் கூரைக்குள் இறக்க நீர் புகாத கிளாண்டு (கேபிளைச் சுற்றி இறுக்குகிற மூடி) வேண்டும். நான்கு அங்குலத் திரைக்கு மேல் வைத்தால் முன்னால் பார்ப்பதையே மறைக்கும்.

வரைபடத் திரைக்கு மடக்குக் கை. வாசல் ஓரத்தில் கீல் போட்ட ஒரு கை, அதன் நுனியில் ஏழு அங்குலத் திரை. வெளியே திருப்பினால் காக்பிட்டுக்கு, உள்ளே தள்ளினால் மேஜைக்கு. நம் ஊருக்கு இதில் இன்னொரு லாபம்: தைப்பூசக் காவடி வருகிற மாதங்கள்தான் சூறாவளிக் காலமும். சூறாவளிக்கான முதல் வகுப்பு (ஆரம்ப நிலை) எச்சரிக்கை வந்ததும் திரையைக் கழற்றி வீட்டுக்குக் கொண்டுபோய்விடலாம். தொந்தரவு என்றால், தண்ணீர் எடுக்க உள்ளே போகிற ஒவ்வொருவரும் அதை இடிப்பார்கள். திரை வெளியே இருக்கும்போது வாசலை மூடுகிற பலகையைப் போட முடியாது, கடல் கொந்தளிக்கிறபோது இது சின்ன விஷயமல்ல. கீலருகே கேபிளைத் தாராளமாகச் சுற்றி விடாவிட்டால் அங்கேதான் முதலில் அறும்.

டேப்லெட் மலிவு, படமும் அழகு. ஆனால் ஐபேடுக்கு ஆப்பிள் சொல்கிற வெப்பவரம்பு 35 டிகிரி. வெயிலில் கிடக்கிற கண்ணாடி அதைத் தாண்ட அதிக நேரம் ஆகாது, உடனே மங்கும், அப்புறம் அணையும். வைஃபை மட்டும் உள்ள ஐபேடில் ஜிபிஎஸ்ஸே இல்லை, சிம் போடுகிற வகையில்தான் உண்டு. ஈரத்துளி விழுந்தால் விரல் பட்டதாக நினைத்து வரைபடம் தானே ஓடும். பொத்தான் உள்ள திரைகளைக் கிண்டல் செய்கிறவர்கள் நனைந்த கையோடு ஒருமுறை முயன்று பார்க்கட்டும்.

எந்தத் திரை வாங்கினாலும் கடையிலேயே ஒன்றைச் செய்யுங்கள். கூலிங் கிளாஸ் போட்டுப் பாருங்கள். பவளப்பாறையை நீருக்கடியில் பார்க்க போலரைஸ்டு கண்ணாடி கட்டாயம் வேண்டும், ஆனால் அதே கண்ணாடிக்குச் சில திரைகள் கறுப்பாகிவிடும். டேப்லெட்டை நெடுக்காக வைத்தால் இருண்டு, குறுக்காக வைத்தால் தெரிவதும் உண்டு. குளிர்மாதங்களில் ஈல் ப்ளாட்டிலிருந்து நடுப்பகலுக்குப் பின் திரும்பும்போது சூரியன் வடக்குப் பக்கம், முதுகுக்குப் பின்னால். ஒளி நேராகத் திரையில் விழும். ஐந்நூறு நிட்ஸ் (திரை வெளிச்சத்தின் அளவு) டேப்லெட் அங்கே தோற்கும், ஆயிரத்துக்கு மேல் உள்ள, கடலுக்கென்றே செய்த திரை தாக்குப்பிடிக்கும்.

வரைபடத்தைச் சுருக்கிப் பார்க்கிற பழக்கமும் ஆபத்து. சுருக்கினால் சில பாறைகள் திரையிலிருந்து மறைந்தேவிடும். 2020 ஜூலை 25 அன்று புவான்ட் தெஸ்னி அருகே பாறையில் ஏறிய வாகாஷியோ கப்பலிலும், கரையோரத்தைப் போதிய விவரத்தோடு காட்டாத அளவுகோல் வரைபடம்தான் காரணங்களில் ஒன்றாகச் சொல்லப்பட்டது.

வயரிங்கில் அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. படகுக் கருவிகளை ஒன்றோடொன்று இணைக்கிற என்எம்இஏ 2000 வலையில் முதன்மைக் கம்பியின் இரு முனையிலும் 120 ஓம் டெர்மினேட்டர், ஒவ்வொரு கிளைக் கேபிளும் ஆறு மீட்டருக்குள். வாசல் மேடும் மடக்குக் கையும் பக்கத்துப் பக்கத்தில் இருப்பதால் கிளைகள் குட்டையாகவே முடியும். எது வைத்தாலும் திசைமானிக்கு எவ்வளவு தள்ளி வைக்க வேண்டும் என்று கருவியின் கையேட்டில் பாருங்கள். திரையைப் போட்டும் அணைத்தும் ஊசி அசைகிறதா என்று ஒருமுறை சோதித்தால் போதும்.

என் ஓட்டு இப்படி: ஆழமும் காற்றும் வாசல் மேட்டில், வரைபடம் மடக்குக் கையில், டேப்லெட் கேபினுக்குள் உபரியாக. பணம் ஒன்றுக்குத்தான் இருக்கிறது என்றால் மேட்டில் ஆழமானியை முதலில் வையுங்கள், வரைபடம் அடுத்த வருஷம் வரட்டும். ஆழமானி படகுக்கு நேர் கீழே மட்டும்தான் பார்க்கும், அதனால் பாறை வாயில் அணியத்தில் ஒருவர் நின்றே ஆக வேண்டும். மூடிப்பெட்டியே இல்லாத படகு என்றால் மேட்டுக்கு வழியில்லை. அப்போது சுவரில் வாசலுக்கு இரு பக்கமும் ஒவ்வொரு சின்னத் திரை போடலாம். செலவு கூடும், ஆனால் மச்சான் எங்கே உட்கார்ந்தாலும் ஒன்றாவது தெரியும்.