யாழ்ப்பாணத்து வெளிச்சுவருக்கு எது பொருந்தும்: சுண்ணாம்பா, சீமெந்துப் பெயின்ற்றா, அக்ரிலிக்கா?

வெளிச்சுவருக்குப் பெயின்ற் எடுக்கப் போகிறவர்கள் கடையில் முதலில் கேட்பது நிற அட்டையைத்தான். அதற்கு முன் சுவரைப் பார்க்க வேண்டும். அது பழைய சுண்ணாம்புக்கல் சுவரா, புதிதாகப் பூசிய புளொக்கல் சுவரா, ஏற்கெனவே எமல்ஷன் (தண்ணீர் கலந்த பிளாஸ்ரிக் பெயின்ற்) ஏறிய சுவரா? ஒன்றுக்குப் பொருந்துகிற பூச்சு மற்றதற்கு வீண் செலவு. விலை கூடிய வாளியை வாங்கி அடித்தும் அடுத்த மாரியிலேயே கொப்பளித்து உரிகிற சுவர்கள் நம் ஊரில் நிறைய. அநேகமாக அங்கே பிழை பெயின்ற்றில் இல்லை. அடியில் இருக்கும் ஈரமும் உப்பும்தான் காரணம்.

நமக்கு மழை பெரும்பாலும் ஐப்பசி தொடங்கி மார்கழி வரை மொத்தமாகக் கொட்டும். பிறகு நீண்ட வெயில். வைகாசிக்குப் பிறகு சோளகம் புழுதியை அள்ளிக்கொண்டு வரும். தீவுப்பகுதியிலும் பருத்தித்துறை, காங்கேசன்துறைக் கரையோரத்திலும் காற்றிலேயே உப்பு உண்டு. பல இடங்களில் கிணற்றுத் தண்ணீரும் உவர். அந்தத் தண்ணீரில் குழைத்த சாந்து உப்பைத் தனக்குள் வைத்திருக்கும். மாரியில் சுவர் ஈரத்தை உறிஞ்சும்போது உப்பு கரைகிறது. வெயிலில் ஈரம் வெளியேறும்போது அந்த உப்பு சுவரின் முகத்துக்கு வந்து படிகமாகி, மேலே இருக்கும் பூச்சைத் தள்ளுகிறது. உப்புப் பூத்த சுவர் என்று நாம் சொல்வது இதைத்தான். ஆகவே ஈரத்தை வெளியே போக விடுமா, உள்ளே அடைத்து வைக்குமா என்றுதான் ஒவ்வொரு பூச்சையும் நான் பார்ப்பேன்.

சுண்ணாம்பு இதில் முதலிடம். நீற்றிய சுண்ணாம்பு காற்றில் உள்ள கரியமில வாயுவை எடுத்து மறுபடி கல்லாக இறுகுகிறது. சுவர் மூச்சுவிட அது தடையாக இருக்காது. சுண்ணாம்புச் சாந்தில் கல்லு வைத்துக் கட்டிய பழைய நாற்சார் வீடுகளுக்கு இதைவிடப் பொருத்தமானது கிடையாது. அப்படியான சுவருக்குச் சீமெந்து பூசி, அதன்மேல் பளபளப்பான பெயின்ற் அடிப்பது வீட்டுக்குச் செய்கிற கெடுதல் என்றே நினைக்கிறேன். சுவரை நனைத்துவிட்டு, தண்ணீராகக் கரைத்த சுண்ணாம்பில் கொஞ்சம் நீலம் சேர்த்து, மூன்று நான்கு தடவை மெல்லிசாக அடிக்க வேண்டும். தடிப்பாக ஒரே தடவையில் அடித்தால் உதிரும். குறைகளும் உண்டு. சாய்ந்தால் உடுப்பில் ஒட்டும், சாரல் அடிக்கிற பக்கத்தில் விரைவாகக் கரையும், வருடத்துக்கொரு தடவையாவது அடிக்க வேண்டி வரும். எமல்ஷன் ஏறிய சுவரில் அது பிடிக்கவே பிடிக்காது.

சீமெந்துப் பெயின்ற் தூளாக வரும், தண்ணீரில் கலந்து சில மணித்தியாலங்களுக்குள் அடித்து முடிக்க வேண்டும். மதிலுக்கும் கரடுமுரடான பூச்சுக்கும் மலிவான, நல்ல தெரிவு. ஆனால் இதற்கும் சீமெந்துக்குப் போலவே நீர் வேண்டும்: அடிக்க முன் சுவரை நனைக்க வேண்டும், அடித்த பிறகும் ஈரமாக வைத்திருக்க வேண்டும். வெயில் சுட்ட சுவரில் அடித்துவிட்டு அப்படியே விட்டால் கைபட்டாலே மாவாக வரும். உவர்க் கிணற்றுத் தண்ணீரை இதற்கு எடுக்காதீர்கள், நல்ல தண்ணீர் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பழைய எமல்ஷனின் மேல் இதுவும் நிற்காது.

இன்றைய புளொக்கல் வீடுகளுக்கு நான் சொல்வது வெளிச்சுவருக்கென்றே செய்த அக்ரிலிக் எமல்ஷன். டூலக்ஸ், நிப்பொன், மல்ரிலக், றொபியலக் என்று பெயர்கள் பல. ஆனால் அந்தப் பெயர்களுக்குள் தெரிவு செய்வதைவிட வாளியில் எழுதியிருப்பதை வாசிப்பதுதான் பயன். உள்சுவர் எமல்ஷன் விலை குறைவு என்று வெளியே அடித்தால் வெயிலுக்கும் பாசிக்கும் தாங்காது. நல்ல வெளிச்சுவர் அக்ரிலிக் மழைத் தண்ணீரைத் தடுக்கும், ஈரத்தின் ஆவியை ஓரளவு வெளியே விடும். ரப்பர் போல இழுபடும் தடித்த பூச்சுகள் இன்னொரு வகை. மயிர்வெடிப்பு நிறைந்த, நன்றாகக் காய்ந்த சுவருக்கு அவை உதவும். அடியிலிருந்து ஈரம் ஏறுகிற சுவருக்கு வேண்டாம், கொப்பளம் நிச்சயம்.

சுவரின் அடிப்பகுதிக்கு எனாமல் (எண்ணெய்ப் பெயின்ற்) அடிக்கிற பழக்கத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். செம்மண் தெறிக்கிற இடத்தில் கழுவ இலகு என்பது உண்மைதான். ஆனால் நிலத்து ஈரம் ஏறுவதும் அந்த இரண்டு மூன்று அடியில்தான். அதை எனாமலால் மூடினால் ஈரம் மேலே தேடிப் போகும், எனாமலும் உரியும். அக்ரிலிக்கையே செம்மண்ணுக்குக் கிட்டிய காவி நிறத்தில் அங்கே அடித்துவிடுங்கள். கறை தெரியாது. காவி நிறம் இரும்பு ஒட்சைட்டிலிருந்து வருவதால் வெயிலுக்கும் எளிதில் வெளிறாது. கடும் ரோசா, ஊதா, கிளிப்பச்சை நிறங்கள் அட்டையில் அழகாக இருக்கும், மேற்குச் சுவரில் சீக்கிரம் மங்கும்.

சரி, சுவரைத் தயார் செய்வதற்கு வருவோம். என் கணிப்பில் பணத்தையும் நேரத்தையும் போட வேண்டிய இடம் இதுதான்.

புதுப் பூச்சு என்றால் குறைந்தது 28 நாள் பொறுங்கள், மாரி காலம் என்றால் இன்னும் கூட. புதுச் சீமெந்தில் காரம் கடுமையாக இருக்கும். அது நிறத்தைத் தின்று திட்டுத் திட்டாக்கும். காரம் தாங்குகிற பிரைமர் (அடிப்பூச்சு) அடித்த பிறகே நிறம். ஈரம் போயிற்றா என்று சந்தேகம் இருந்தால் ஒன்றரை அடிச் சதுரத்தில் பொலித்தீன் ஒன்றை எடுத்து, நான்கு பக்கமும் ரேப் போட்டுச் சுவரில் ஒட்டி ஒரு நாள் விட்டுப் பாருங்கள். உள்ளே தண்ணீர் முத்துக் கட்டியிருந்தால் இன்னும் காயவில்லை.

பாசி பிடித்த வடக்குச் சுவரை வெறுமனே சுரண்டிவிட்டு அடித்தால் பாசி மறுபடி வரும். வீட்டு பிளீச் ஒரு பங்குக்கு நாலு பங்கு தண்ணீர் கலந்து பூசி, கால் மணித்தியாலம் விட்டு, தேய்த்துக் கழுவிக் காய விடுங்கள். கையுறை போடுங்கள். அசிட் எதையும் அதோடு கலக்க வேண்டாம், நச்சு வாயு வரும்.

உப்புப் பூத்த இடத்தில் செய்ய வேண்டியது வேறு. கழுவக் கூடாது. கழுவினால் உப்பு கரைந்து மறுபடி உள்ளே போகும். உலர்ந்த பிரஷ்ஷால் தட்டி எடுங்கள், சில நாள் விட்டு மறுபடி தட்டுங்கள். ஈரம் எங்கிருந்து வருகிறது என்று பார்த்து அதை நிறுத்தாமல் எந்தப் பெயின்ற்றாலும் பயனில்லை. உடைந்த பீலி, சுவரோடு ஒட்டிய பூக்கண்டு, கசிகிற குழாய் இவைதான் வழமையான காரணங்கள்.

பழைய பெயின்ற்றைக் கையால் தடவிப் பாருங்கள். மாவாக வந்தால் அது நன்றாகக் கழுவிப் பிரைமர் அடிக்க வேண்டிய சுவர். பழைய சுண்ணாம்பின் மேல் எமல்ஷன் அடிக்க ஆசைப்பட்டால் சுண்ணாம்பு முழுவதையும் சுரண்டி எடுக்க வேண்டும், இல்லையென்றால் இரண்டும் சேர்ந்தே தகடாக உரியும். வெடிப்புகளை வெட்டி அகலமாக்கி, வெளிச்சுவருக்குரிய சீமெந்து பில்லரால் அடையுங்கள். உள்சுவர் பில்லர் மாரியில் ஊறிவிடும். பழைய கதவு, யன்னல் எனாமலில் ஈயம் இருக்கக்கூடும். அதை நனைத்துத் தேயுங்கள், பிள்ளைகளைக் கிட்ட விடாதீர்கள்.

பெயின்ற் அடிக்க நல்ல காலம் தையிலிருந்து சித்திரை வரை. வெளிநாட்டிலிருந்து உறவுகள் வருகிறார்கள் என்று நல்லூர்த் திருவிழாவை ஒட்டி ஆடியில் அவசரமாக அடிக்கிறோம். அப்போது சோளகப் புழுதி ஈரப் பெயின்ற்றிலேயே ஒட்டும். வேறு வழியில்லையென்றால் காலையில் காற்று எழ முன் அடியுங்கள், சுவரின் நிழல் பக்கமாக மாறி மாறி.

கடைசியாக, சாமானோடு கொந்தராத்துக் கொடுப்பதா, நாட்சம்பளமா? நாட்சம்பளத்தில் வேலை இழுபடலாம், ஆனால் சுரண்டுவதும் காய விடுவதும் ஒழுங்காக நடக்கும். கொந்தராத்தில் முதலில் குறைபடுவது அந்த வேலைதான். நான் பெயின்ற்றை நானே வாங்கிக் கொடுத்து, கூலியை மட்டும் பேசச் சொல்வேன். அளவு இப்படி: 1500 சதுர அடி வெளிச்சுவர் கிட்டத்தட்ட 140 சதுர மீற்றர். ஒரு லீற்றர் மட்டமான சுவரில் ஒரு தடவைக்குப் பத்துச் சதுர மீற்றர் பிடிக்கும் என்று வைத்தால் இரண்டு தடவைக்கு 28 லீற்றர். 20 லீற்றர் வாளி ஒன்றும் 10 லீற்றர் வாளி ஒன்றும் எடுங்கள், இரண்டையும் ஒரே தொகுதி எண்ணில். 20 லீற்றர் மட்டும் போதும் என்று யாராவது சொன்னால், எவ்வளவு தண்ணீர் கலக்கப் போகிறார் என்று வேலை தொடங்க முன்பே கேளுங்கள்.